ரிப்போர்ட்டில் விடுபட்ட ஊசி

மாரண்டஹள்ளியில் ஒரு பெண் நர்சிங் முடித்துவிட்டால் அவளுக்குப் பஸ் இரண்டு திசையில்தான் கிடைக்கும். ஒரு பக்கம் தர்மபுரி. 2008-ல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி அங்கே இருக்கிறது. இன்னொரு பக்கம் ஓசூர். அதைத் தாண்டினால் பெங்களூரின் தனியார் ஆஸ்பத்திரிகள். தக்காளி விலை சரிந்த வருஷத்திலும் கடன் வாங்கிப் பீஸ் கட்டிய அப்பா, மகளுக்கு வேலை கிடைத்ததும் நிம்மதியாகிறார். அங்கே நோயாளிகளைவிடச் சக நர்சுகளே அவளை அதிகம் அழவைப்பார்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

காலையில் ட்யூட்டி மாறும் நேரத்தில் வார்டில் நின்று பார்த்தால் போதும். நைட் பார்த்த சீனியர் ரிப்போர்ட் கொடுக்கிறார்: “பெட் ஆறு, ஆன்டிபயாடிக் ஓடுது, வேற ஒண்ணுமில்ல.” விடியற்காலையில் கை வீங்கி, மருந்து ஏற்றும் கேனுலாவைக் கழற்றியதும், அதனால் ஆறு மணி ஊசி போடாமல் நின்றதும் அந்தப் பேச்சில் வராது. ரவுண்ட்ஸில் டாக்டர் கேட்கும்போது புதுப்பெண் விழிப்பாள். “எந்தக் காலேஜ்ல படிச்ச?” என்று இன்சார்ஜ் சிஸ்டர் எல்லார் முன்னாலும் கேட்பார். சீனியர் அதற்குள் பஸ் ஏறியிருப்பார்.

இது நம் ஊர்க் கதை மட்டுமில்லை. மூத்த நர்சுகள் தங்கள் குஞ்சுகளையே தின்கிறார்களா என்று அமெரிக்காவில் ஜூடித் மெய்ஸ்னர் 1986-லேயே கேட்டுவிட்டார். அதற்கு மூன்று வருஷம் முன்பே சூசன் ராபர்ட்ஸ் காரணத்தைத் தொட்டிருந்தார்: மேலிருந்து அழுத்தப்படுகிறவர்கள் மேலே திருப்பி அடிக்க முடியாமல் பக்கத்திலிருப்பவரை அடிக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் அந்த அழுத்தத்துக்கு ரூபாய்க் கணக்கே உண்டு. எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) தேர்வெழுதி 2015-ல் வந்த நர்சுகளுக்கு அப்போது மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்ற பேச்சு நிறைவேறவில்லை. 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். (மருத்துவப் பணிகள் இயக்ககம்) வளாகத்தில் நிரந்தரம் கேட்டு ஆயிரக்கணக்கில் உட்கார்ந்தார்கள். கொரோனாவில் ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்ட 2,000-க்கும் மேற்பட்டவர்களின் வேலை 2022 டிசம்பர் 31-ஓடு முடிந்தது. காலியிடம் விழுந்தால்தான் நிரந்தரம் என்ற நிலையில், ஒரே வார்டில் ஒரே வேலைக்கு இரண்டு சம்பளம். பக்கத்து நர்சைப் போட்டியாளராகப் பார்க்காமல் இருக்க முடியுமா? குணக்கேடு சிலரிடம் இருக்கும்தான். ஆனால் அதற்கு உரம் போடுவது இந்த ஏற்பாடு. டி.எம்.எஸ். வளாகத்தில் தோளோடு தோள் உட்கார்ந்தவர்களும் இதே நர்சுகள்தானே!

ஏற்பாடு மாறும்வரை என்ன செய்வது? பாஸ்டன் ஆஸ்பத்திரி ஒன்றில் புதிதாகச் சேர்ந்த 26 நர்சுகளுக்கு மார்த்தா கிரிஃபின் ஒரு பயிற்சி கொடுத்தார்; 2004-ல் அதை எழுதினார். யாராவது முகம் சுளித்தால், தகவலை மறைத்தால் என்ன பதில் சொல்வது என்று முன்கூட்டியே ஒத்திகை. பதில்கள் அச்சடித்த சின்ன அட்டை கையில். சண்டைக்குப் போகாமல் நேராகக் கேட்கப் பழகினார்கள். நம் ஊரில் சீனியரிடம் அப்படிப் பேசினால் ‘வாய்’ என்று பெயர் வரும். ஆனாலும், “சிஸ்டர், ஆறு மணி ஊசி போட்டாச்சா?” என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை.

ஆகவே, ராத்திரியில் போன் செய்து அழும் மகளிடம் “அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா” என்று மட்டும் சொல்லி வைத்துவிடாதீர்கள். ரிப்போர்ட்டைப் படுக்கையருகே நின்று, கேஸ் ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாங்கச் சொல்லுங்கள். திரும்பத் திரும்ப நடந்தால் தேதி, நேரம் குறித்து நர்சிங் சூப்பிரண்டிடம் எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள்.