தாம்பரம் போகாத தாத்தா

எனக்கு முடக்குவாதம் என்று டாக்டர் உறுதி செய்த நாளிலிருந்து, எங்கள் வீட்டு விசேஷங்களில் ஒரு கதை தவறாமல் என்னைத் தேடி வருகிறது. சொல்பவர் பெரும்பாலும் பெரியப்பா. "உன் தாத்தாவுக்கு டி.பி. வந்தப்ப தாம்பரத்துல என்ன வைத்தியம் பண்ணாங்க தெரியுமா? மண்வெட்டியக் கையில குடுத்துத் தோட்டம் போடச் சொன்னாங்க. மண்ணுல வேலை செஞ்சே மனுஷன் பொழைச்சு வந்தாரு. நீ பாவம், மாத்திரைய முழுங்கி முழுங்கி உடம்பக் கெடுத்துக்கிறே." பந்தியில் பக்கத்து இலைக்காரர்களும் ஆமாம் போடுவார்கள்.

அன்பாகத்தான் சொல்கிறார். ஆனால் அந்தக் கதை எனக்குள் முள்ளாகத் தைத்துவிட்டது. காரணம், நானும் தோட்டம் போடுகிறவள்தான். மயிலாப்பூரில் எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில் வெண்டை, கத்தரி, கொத்தவரை, தண்டுக்கீரை எல்லாம் உண்டு. அடையாறு காந்தி நகரில் ஒரு தோழியின் வீட்டுக்குப் பின்னால் காலி மனை கிடக்கிறது. அதை நாலைந்து பேர் பாத்தி பாத்தியாகப் பிரித்துக்கொண்டிருக்கிறோம், அதில் ஒரு பங்கு என்னுடையது. லண்டனில் இருக்கும் சித்தப்பா மகள் இதைக் கேட்டுவிட்டு, "இங்கே இதுக்குப் பேரு அலாட்மென்ட், கவுன்சில்காரங்க வாடகைக்குத் தருவாங்க, 1908லயே சட்டம் போட்டிருக்காங்க" என்றாள். எங்களுக்குச் சட்டமும் இல்லை, வாடகையும் இல்லை. தோழியின் அம்மாவுக்கு வாரம் ஒரு கட்டுக் கீரை கொடுத்தால் போதும்.

இந்தத் தோட்டத்தை என்னால் செய்ய முடிவதே மாத்திரையால்தான். வாரம் ஒரு நாள் மெத்தோட்ரெக்சேட். அது வேலை செய்யத் தொடங்குவதற்கு முன்னால், காலையில் பல் துலக்கும் பிரஷைப் பிடிக்கக்கூட விரல் மடங்காது. விதை ஊன்றுவது எங்கே? அந்த மருந்து எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் என்பதால் தொழு உரத்தில் கை வைக்கும்போது கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொள்கிறேன். களைக்கொத்தின் பிடியில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றித் தடியாக்கியிருக்கிறேன், மெல்லிய பிடியை இறுக்கினால் கணு வீங்குகிறது. குனியாமல் இருக்கப் பைகளை இடுப்பு உயர இரும்பு ஸ்டாண்டில் ஏற்றியாயிற்று. காலை வேளை மூட்டுகள் இறுகிக் கிடக்கும், எனவே எல்லா வேலையும் வெயில் தாழ்ந்த பிறகுதான். இப்படி மருந்தும் மண்ணுமாக நான் வாழ்கிறபோது, ஒன்றை எடுத்து இன்னொன்றின் தலையில் அடிக்கும் கதையை எப்படிப் பொறுப்பது? தாத்தாவை எதுதான் பிழைக்க வைத்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றிவிட்டது.

தாம்பரத்திலிருந்து தொடங்கினேன். சானடோரியம் ஸ்டேஷனில் இறங்கி ஏறாத சென்னைக்காரர் யார்? அந்தப் பெயருக்குக் காரணமான காசநோய் மருத்துவமனையை 1928இல் தொடங்கியவர் டாக்டர் டேவிட் சௌரிமுத்து. அதற்கு முன்னால் அவர் இங்கிலாந்தில், சாமர்செட் பக்கம் மெண்டிப் மலையில் ஒரு சானடோரியம் நடத்தியவர். கும்பகோணத்து ராமானுஜன் 1917இன் பிற்பகுதியில் நோயாளியாகத் தங்கியது அந்த மலையில்தான். இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. கணித மேதையையும் மயிலாப்பூர் அச்சகத்தில் எழுத்துக் கோத்த என் தாத்தாவையும் ஒரே வைத்தியரின் கை இணைக்கிறது என்றால் யாருக்குத்தான் தூக்கம் வரும்?

மண்வெட்டிக்கும் ஆதாரம் கிடைத்துவிட்டது. 1905இல் இங்கிலாந்தின் ஃப்ரிம்லி சானடோரியத்துக்குப் பொறுப்பேற்ற மார்க்கஸ் பேட்டர்சன் என்ற டாக்டர், காசநோயாளிகளுக்கு உடலுழைப்பைப் படிப்படியாகக் கொடுத்தார். முதலில் நடை. பிறகு கூடையில் மண் சுமப்பது. அப்புறம் சின்ன மண்வெட்டி, பெரிய மண்வெட்டி, கடைசியில் குந்தாலி வேலை. உழைக்கும்போது நுரையீரலில் இருக்கும் நோயின் நஞ்சு கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் கலந்து, தடுப்பூசிபோல உடம்பைத் தயார் செய்யும் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கு தப்பு என்று பின்னால் தெரிந்தது. ஆனாலும் படுத்தே கிடந்த நோயாளிகளை எழுப்பி மண்ணில் இறக்கிய அந்தத் துணிச்சலை நான் ரசித்துப் படித்தேன். ஃப்ரிம்லி, மெண்டிப், தாம்பரம், மயிலாப்பூர் என்று ஒரு கோடு என் நோட்டுப் புத்தகத்தில் நீண்டது. சௌரிமுத்து 1910இல் எழுதிய சானடோரிய வைத்தியப் புத்தகத்தைப் பற்றி நான் கேட்காத ஆள் இல்லை. பழைய புத்தகக் கடைக்காரர்கள் என்னைப் பார்த்ததும் கையை விரிக்கப் பழகிவிட்டார்கள்.

எனக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு சாட்சி. அவர் தி.நகரில் மோதிலால் தெருவில் இருந்தார். தாத்தாவின் கடைசித் தங்கை, அப்பாவுக்கு அத்தை, எனக்கு அத்தைப் பாட்டி. எண்பது தாண்டியும் ஞாபகம் கத்தி.

"தாத்தாவுக்கு டி.பி. வந்தப்ப நீங்க கூடத்தானே இருந்தீங்க?"

"டி.பி.யா? சளி. சளி கட்டிக்கிட்டு இருமினான். உப்புமா சாப்புடுறியா?"

அவ்வளவுதான். அடுத்த முறையும் சளிதான். அதற்கடுத்த முறையும். நோய் என்ற பேச்சை எடுத்தால் டி.வி. சத்தம் கூடும். தோட்டம் என்றால் மட்டும் மடை திறந்துவிடும். மாட வீதிக்குப் பின்னால் ஒரு ஒண்டுக்குடித்தனம், எல்லாக் குடும்பங்களுக்கும் ஒரே கிணறு, கிணற்றைத் தாண்டி ஒரு கொல்லை. மயிலாப்பூர் மண் வெறும் கடற்கரை மணல், தண்ணீர் ஊற்ற ஊற்றக் கீழே ஓடிவிடும். அதனால் தெருவில் கிடக்கும் சாணியை அள்ளி வந்து, அடுப்புச் சாம்பலும் சருகுமாகக் கலந்து குழிக்குள் போட்டு, மேலே மணலை மூடுவாராம் தாத்தா. குளியல் தண்ணீர் வாழைக்கும் சேம்புக்கும். அரிசி கழுவிய தண்ணீர் அவரைக்கு. பிஞ்சுப் புடலங்காயின் நுனியில் சணல் கட்டிச் சின்னக் கல்லைத் தொங்க விடுவது அத்தைப் பாட்டியின் வேலை. "கல்லு பெரிசாயிட்டா பிஞ்சு அறுந்து விழும், சின்னதாயிட்டா காய் சுருண்டுக்கும். கூழாங்கல்லாப் பொறுக்கி வச்சிருப்பேன்" என்று கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து அளவு காட்டினார். அந்த அளவுக்குத்தான் இப்போது என் மாடியிலும் கட்டுகிறேன், காய் நேராகவே இறங்குகிறது.

ஒரு நாள் பொறுக்க முடியாமல், நான் கண்டுபிடித்த எல்லாவற்றையும் அவரிடம் கொட்டினேன். சௌரிமுத்து, ராமானுஜன், கூடையில் மண் சுமந்த இங்கிலாந்து நோயாளிகள். அத்தைப் பாட்டி டி.வி.யை நிறுத்தினார்.

"தாம்பரமா? அவன் எங்கே தாம்பரம் போனான்? சேத்துப்பட்டுக்குல்ல போனான்!"

நோட்டுப் புத்தகத்துக் கோடு அந்த இடத்திலேயே அறுந்தது. வருத்தப்பட நேரமில்லை, 'சேத்துப்பட்டு' என்ற சொல் வேறு ஒரு கதவைத் திறந்துவிட்டது. 1956இல் அங்கே, ஸ்பர்டேங்க் சாலையில், காசநோய் மருந்து ஆராய்ச்சி மையம் தொடங்கியது. (ராமானுஜன் 1920இல் உயிர் விட்டதும் இதே சேத்துப்பட்டில்தான், அந்தப் பெயர் என்னை விடுவதாக இல்லை.) இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்து நடத்தியது. தலைமை டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ். முதல் ஆய்வில் 193 நோயாளிகள். ஒரு பாதியினரைச் சானடோரியத்துக்கு அனுப்பினார்கள், மறு பாதியினரை அவரவர் வீட்டிலேயே இருக்க விட்டார்கள். இரு தரப்புக்கும் ஒரே மருந்துகள்: ஐசோநயசிட், பாஸ். ஒரு வருஷம்.

சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல சாப்பாடு, நல்ல காற்று, ஓய்வு. வீட்டில் இருந்தவர்களுக்கு ஒற்றை அறை, அரைவயிறு, நெரிசல். 1959இல் முடிவு வெளியானபோது குணமானவர்கள் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு. அடுத்து வந்த ஆண்டுகளில் குடும்பத்தாரையும் கவனித்துப் பார்த்தார்கள். வீட்டில் வைத்து வைத்தியம் பார்த்ததால் கூட இருந்தவர்களுக்குத் தொற்று அதிகமாகவில்லை. உலகம் முழுவதும் சானடோரியக் கட்டில்கள் காலியானதற்கு நம் சென்னையின் ஒண்டுக்குடித்தனங்கள் சொன்ன சாட்சி ஒரு பெரிய காரணம். இதை நம் பள்ளிப் பாடப் புத்தகத்தில் போட வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

வீட்டு வைத்தியத்தில் ஒரு சிக்கல் இருந்தது. பாஸ் என்பது கிராம் கணக்கில் விழுங்க வேண்டிய மருந்து, வயிற்றைப் பிரட்டும். இருமல் அடங்கியதும் பலர் நிறுத்திவிடுவார்கள். அதனால் மையத்து ஊழியர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வந்து மிச்ச மாத்திரையை எண்ணுவார்கள், சிறுநீரைச் சோதித்து மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று பார்ப்பார்கள். நோயாளியின் கையில் மருந்தைக் கொடுத்தனுப்புவது மட்டும் போதாது என்ற கவலையை ஃபாக்ஸ் 1958இலேயே எழுதினார். கண்ணெதிரே மருந்து விழுங்க வைக்கும் டாட்ஸ் முறை பின்னாளில் உலகெங்கும் போனதற்கு வேர் இங்கேயும் இருக்கிறது.

மாத்திரை எண்ண ஆள் வருவார்கள் என்று படித்ததை அத்தைப் பாட்டியிடம் சொன்னேன். அவர் நெடுநேரம் முந்தானையை மடித்துக்கொண்டிருந்தார்.

"வெள்ளைப் புடவை கட்டிக்கிட்டு ஒரு அம்மா வரும். டப்பாவக் கவுத்து எண்ணும். எண்ணிக்கை எப்பவும் சரியாத்தான் இருக்கும். அவன் அதக் கொண்டுபோய்ப் புடலைப் பந்தலுக்கடியில பொதைச்சிட்டிருந்தான்."

எனக்குக் கையில் இருந்த காப்பி ஆறிப் போயிற்று.

"கூழாங்கல்லு தேடிக் கிளறினேன். வெள்ளை வெள்ளையா ஊறிப் போய்க் கெடந்துச்சு. எனக்கு அப்பப் பதிமூணு வயசு. அடுத்த தடவ அந்தம்மா வந்தப்ப, கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போய்க் காமிச்சுட்டேன். அண்ணன் எங்கூட ரொம்ப நாள் பேசல. ஆனா அன்னையிலேருந்து, செடிக்குத் தண்ணி ஊத்தறதுக்கு முன்னால என் எதிர்ல நின்னு மாத்திரைய முழுங்குவான். வாயத் தொறந்து காமிப்பான்."

தாத்தாவுக்குத் தோட்டம் என்னவாக இருந்தது என்றும் அன்றுதான் கேட்டேன். அச்சகத்தில் வேலை போய்விட்டது. குழந்தைகள் பக்கத்தில் வரக் கூடாது. கிணற்றடியில் மற்றவர்கள் இருக்கும்போது போகக் கூடாது. மிஞ்சியது கொல்லை ஒன்றுதான். விளைந்த கீரையைக் குடித்தனக்காரர்கள் சும்மா கொடுத்தாலும் தொடவில்லை. தண்ணித்துறை மார்க்கெட்டில் கடை போட்டிருந்த ஒரு கீரைக்காரம்மா விடிகாலையில் வந்து, பாத்தியைப் பார்த்து, காசு கொடுத்து எடுத்துப் போனாராம். "எங்க வாசல்ல வேணாம்னவங்களே அதே கீரைய அந்தம்மா கூடையிலேருந்து பேரம் பேசி வாங்கினாங்க. நான் பாத்தேன்." பிறகு வேறு அச்சகத்தில் வேலை கிடைக்கும் வரை தாத்தாவின் சம்பாத்தியம் அதுதான். நோயைத் தீர்த்தது சேத்துப்பட்டு மருந்து. ஊர் ஒதுக்கிய காலத்தில் அவரை ஒரு உழைப்பாளியாக நிற்க வைத்தது அந்தக் கொல்லை. இரண்டுக்கும் என் மனசில் இப்போது தனித்தனி மரியாதை.

"அப்போ தாம்பரம், மண்வெட்டியெல்லாம் எங்கேருந்து வந்துச்சு?"

"எங்கம்மா சொன்னது. என்னப் பொண்ணு பாக்க வந்தாங்க. மாப்பிள்ளையோட சித்தப்பன் எங்கேயோ கேள்விப்பட்டுட்டு, 'பையனுக்கு நோவு இருந்துச்சாமே, பொண்ணு அதே வீட்டுலதானே வளந்துச்சு'ன்னான். ஒரே ரூம்புல இருந்தோம்னு சொன்னா என்னை யாரு கட்டுவா? 'அவன் அந்த ஒரு வருஷம் தாம்பரத்துலல்ல இருந்தான்'னாங்க அம்மா. அந்த நேரம் பாத்து அண்ணன் கொல்லையில கொத்திட்டிருந்தான். 'அங்க பழக்கி விட்டாங்க, இப்பவும் விடமாட்டேங்கறான்'னு சேத்துச் சொன்னாங்க. அது அப்படியே நின்னுடுச்சு."

அறுபது வருஷத்துக்கு மேலாக அவர் 'சளி' என்று சொல்லி வந்ததன் காரணம் புரிந்தது. இதை எழுதலாமா என்று தயங்கித்தான் கேட்டேன்.

"எழுது. அன்னைக்குப் பொண்ணு பாக்க வந்தவங்கள்ல ஒருத்தரும் இப்ப உசுரோட இல்ல. மாத்திரையப் பொதைச்சதையும் விடாம எழுது. உன் பெரியப்பன் படிக்கட்டும்."