முதலில் பாங்கி, பிறகு வீடு!

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்பார்கள். நாங்கள் வீட்டைக் கட்டவில்லை. யாரோ கட்டிய வீட்டை வாங்கத்தான் பார்த்தோம். அதற்கே பட்ட பாட்டைச் சொன்னால் சிரிப்பீர்கள், சகோதரிகளே! சிரியுங்கள், ஆனால் முழுவதும் படித்துவிட்டுச் சிரியுங்கள்.

ஈரோட்டில் சூரம்பட்டிப் பக்கம் அந்த வீடு. வாசலில் வேப்பமரம், பின்கட்டில் கிணறு. விலை 40 லட்சம். பார்த்த மாத்திரத்தில் என் மனம் அங்கே குடிபோய்விட்டது.

"பாங்கியில் கேட்டுக்கொண்டு அட்வான்ஸ் கொடுக்கலாமே?" என்றார் என் வீட்டுக்காரர்.

"அதற்குள் வேறு யாராவது கொத்திக்கொண்டு போய்விடுவார்கள்!" என்றேன் நான்.

அம்மாவின் காசுமாலையை அடகு வைத்து 2 லட்சம் முன்பணம் கொடுத்தோம். மூன்று மாதத்துக்குள் கிரயம் ஆகாவிட்டால் முன்பணம் திரும்பாது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. கையெழுத்துப் போடும் அவசரத்தில் அதை யார் படித்தார்கள்?

பிறகுதான் பாங்கிக்குப் போனோம். அதிகாரி கம்ப்யூட்டரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "ஏனுங்க, கார் கடன் ஒன்று பாக்கியில் நிற்கிறதே?" என்றார். எங்களிடம் காரே கிடையாது! வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். சிற்றப்பா மகனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அந்தப் பிள்ளை தவணை கட்டவில்லை. களங்கம் எங்கள் கணக்கில் ஏறிவிட்டது. அதைச் சரிசெய்து முடிப்பதற்குள் மூன்று மாதமும் ஓடிவிட்டது; முன்பணமும் போய்விட்டது.

அவர் சொல்லாதது ஒரு தப்பு. நான் கேட்காதது ஒரு தப்பு. ஒரு வாரம் வீட்டில் பேச்சு வார்த்தையே இல்லை. அம்மாதான் வந்து, "போச்சாது விடு கண்ணு. மாலையை அப்புறம் மீட்டுக்கலாம், மாப்பிள்ளைகிட்ட முகத்தைத் தூக்கி வெச்சுக்காதே" என்றாள்.

இரண்டாம் முறை புத்தி வந்தது. வீடு பார்க்கும் முன்பே இருவருமாகப் பாங்கிக்குப் போனோம். சம்பளச் சீட்டு, வருமான வரிக் கணக்கு, மற்றக் கடன்களின் விவரம் எல்லாம் கொடுத்தால், இவ்வளவு கடன் தரலாம் என்று கொள்கையளவில் எழுதித் தருகிறார்கள். சில மாதங்களுக்கு அது செல்லும். அதற்கும் முன்னால், சிபில் போன்ற நிறுவனங்களிடமிருந்து உங்கள் கடன் வரலாற்றை வருஷத்துக்கு ஒரு முறை இலவசமாக வாங்கிப் பார்த்துவிடுங்கள். மதிப்பெண் 300-லிருந்து 900 வரை.

இனி கணக்கு. ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையிலான கடன் வீட்டு மதிப்பில் 90 சதவிகிதம் வரை போகலாம். அதற்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு 80 சதவிகிதம்தான். ஆகவே 40 லட்ச வீட்டுக்கு மிஞ்சிப்போனால் 32 லட்சம். பாக்கி 8 லட்சம் நம் கைப்பணம். தமிழ்நாட்டில் முத்திரைத்தாளுக்கும் பதிவுக்குமாக 9 சதவிகிதம், அதாவது 3 லட்சத்து 60 ஆயிரம், வேறு. ஆக, கையில் 11 லட்சத்து 60 ஆயிரம் இல்லாமல் அந்த வேப்பமரத்தடியில் நான் நின்றிருக்கவே கூடாது!

தவணையையும் பாருங்கள். 30 லட்சத்தை எட்டரை சதவிகித வட்டியில் 20 வருஷம் கட்டினால், மாதம் சுமார் 26,000. மொத்தம் 62 லட்சத்துக்கு மேல்!

ஒன்று மறவாதீர்கள். பாங்கியின் கடிதம் நம்மைப் பற்றியதுதான். வீட்டைப் பற்றியது அல்ல. மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, கட்டட அனுமதி எல்லாம் பார்த்த பிறகே பணம் வரும். ஆகையால், "பாங்கி கடன் மறுத்தால் முன்பணம் திரும்ப வேண்டும்" என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். நாங்கள் எழுதிக்கொண்டோம்.

இப்போது கொல்லம்பாளையத்தில் சின்ன வீடு. கிணறு இல்லை, வேப்பங்கன்று நானே நட்டது, இடுப்பளவு வளர்ந்திருக்கிறது. காசுமாலையை மீட்டு அம்மாவின் கழுத்தில் போட்ட பிறகுதான் கிரகப் பிரவேசத்துக்கு நாள் பார்த்தோம்.