இசைப்பெட்டியும் இசையாத கணினியும்

ஊரை விட்டு வடபுலம் வந்து குடியேறிய நம்மவர் எவற்றையெல்லாம் உடன் கொண்டு வந்தனர் என்று கணக்கெடுத்தால், குத்துவிளக்கு, ஆட்டுக்கல், இட்லிக் கொப்பரை, காப்பி வடிகட்டி என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். பெட்டியில் கட்டிக் கொண்டுவர முடியாத பொருளும் ஒன்று உண்டு. பெற்றோரின் குரலே அது. அந்தக் குரலையும் ஒரு சிறு கருவிக்குள் அடைத்து வைத்திருந்தோம். ஓர் இரவு அதனை அடியோடு இழந்திருப்போம். அந்தக் கதையை இவ்விதழ் அன்பர்களுக்குச் சொல்லுதல் கடமை எனக் கருதி எழுதுகின்றோம்.

நாம் தில்லிக்கு வந்து சேர்ந்தது 1986ஆம் ஆண்டில். 1991 ஜனவரிக் கடுங்குளிரில் மகள் பிறந்தாள். அவளைப் பேணுவதற்கென்று நம் அன்னையார் திருநெல்வேலியிலிருந்து சென்னை வந்து, அங்கிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறி, முறுக்கு டின்னும் உரைமருந்து மூட்டையுமாக வந்து இறங்கினார். ஸ்வெட்டர் அணிந்து பழக்கமில்லாதவர். புடவைக்கு மேல் நம்முடைய பழைய கோட்டை மாட்டிக்கொண்டு, தூளியருகே அமர்ந்து தாலாட்டுப் பாடுவார். பாட்டு இடத்துக்கு ஏற்ப வளரும். தாமிரபரணியும் குறுக்குத்துறையும் வந்த பாட்டில், சில நாளில் அரசாங்கப் பால் சாவடியும் ரஜாயும் வந்து புகுந்தன. வீட்டம்மையார் அதைக் கேட்டுச் சிரித்து, ஒருநாள் ஒலிநாடாப் பெட்டியைத் தூளிக்குக் கீழே வைத்துப் பதிவு செய்துவிட்டார். அவ்வாறு சேர்ந்தவை பதினான்கு பாடல்கள்; காசெட்டுகள் இரண்டு.

பின்னர் உலகம் மாறிற்று. ஆப்பிள் நிறுவனம் 2001 அக்டோபரில் ஐபாட் என்னும் சட்டைப்பைக் கருவியை அறிமுகம் செய்தது. முதற் கருவியின் கொள்ளளவு 5 ஜி.பி.; ஆயிரம் பாடல்கள் அதில் அடங்கும் என்றனர். நம் மகன் கல்லூரியில் பயின்ற காலத்தில், 2010ஆம் ஆண்டு, அவ்வினத்தைச் சேர்ந்த 160 ஜி.பி. கருவி ஒன்றை வாங்கினான். உள்ளே சுழலும் சிறு வன்தட்டு. முகப்பிலே விரலால் வருடும் வட்டம். அவ்வாண்டுக் கோடை விடுமுறையில் ஒலிநாடாப் பெட்டியின் காதுக்குழாய்த் துளையையும் கணினியையும் ஒரு கம்பியால் இணைத்து, ஆச்சியின் பதினான்கு பாடல்களையும் கணினியில் ஏற்றி, ஒவ்வொன்றுக்கும் பெயரிட்டு, பாடியவர் என்னுமிடத்தில் ‘ஆச்சி’ என்று குறித்து, ஐபாடிலும் சேர்த்தான். வேலை முடிந்ததென்று நாம் நிம்மதியடைந்தோம்.

2012இல் அன்னையார் காலமானார். பணி ஓய்வு பெற்று நாம் அரசாங்கக் குடியிருப்பைக் காலி செய்தபோது காசெட்டுகளை எடுத்துப் பார்த்தோம். தில்லி மழைக்காலத்து ஈரம் நாடாவெங்கும் பூஞ்சையாகப் படர்ந்திருந்தது. ‘கணினியில்தான் இருக்கிறதே’ என்று அவற்றைக் கழித்தோம். 2016இல் கணினியின் வன்தட்டு பழுதுற்றது. ‘ஐபாடில்தான் இருக்கிறதே’ என்று கணினியையும் கழித்தோம். ஐபாடோ, எல்லாரும் கைப்பேசியிலேயே பாட்டுக் கேட்கத் தொடங்கிய பிறகு அலமாரி அறைக்குள் போய் உறங்கிற்று. மூன்றிடத்தில் இருந்த குரல் ஓரிடத்தில் ஒடுங்கியதை நம்மில் ஒருவரும் உணரவில்லை.

2024 பிப்ரவரியில் பெங்களூரிலிருந்து மகள் தொலைபேசியில் அழைத்தாள். அவளுக்குக் குழந்தை பிறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. “அப்பா, ஆச்சி எனக்குப் பாடிய தாலாட்டு வேண்டும். எனக்கு இரண்டு வரிக்கு மேல் நினைவில்லை. அனுப்பி வையுங்கள்” என்றாள். இதோ அனுப்புகிறோம் என்று கூறி, மகனையும் அழைத்து, ஐபாடைத் தேடி எடுத்தோம்.

முதல் இடையூறு, கருவி கண் திறக்கவில்லை. நாம் அஞ்சினோம், அஞ்ச வேண்டியதில்லை. பல ஆண்டு கிடந்த மின்கலம் முற்றிலும் வறண்டிருக்கும். மின்சாரத்தில் அரை மணி நேரம் வைத்த பிறகே திரையில் ஒளி வரும். வந்தது. பாடற் பெயர்களும் தெரிந்தன. போன உயிர் வந்தாற்போல் இருந்தது.

இரண்டாவது இடையூறு, கணினியோடு இணைத்தால் மின்னேற்றக் குறி மட்டும் தோன்றுகின்றது. கருவி வந்த செய்தியே கணினிக்குத் தெரியவில்லை. பழைய கேபிள் நைந்துபோனதால் கடைத்தெருவில் புதிதாக வாங்கிய கேபிள் அது. மகன் கணினியை அணைத்து மூட்டினான்; மென்பொருளை நீக்கி மறுபடி நிறுவினான். ஒரு மாலைப்பொழுது கழிந்தது. உண்மை மிக எளிது. யூ.எஸ்.பி. கேபிளுக்குள் அடிப்படையில் நான்கு கம்பிகள் உள்ளன. இரண்டு மின்சாரத்தைக் கடத்துவன. இரண்டு செய்தியைக் கடத்துவன. செய்திக் கம்பிகள் இல்லாமலோ அறுந்தோ போனால், கருவி உண்ணும், பேசாது. மின்னேற்றக் குறி தெரிவதால் கேபிள் நன்று என்று முடிவு கட்டுவது பிழை. மாடி வீட்டுப் பஞ்சாபி அம்மையார் தம் மேசை அறையைக் கவிழ்த்து, அகன்ற முப்பது முனைச் செருகி உடைய பழைய கேபிள் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அதனை நடுவில் எந்தக் கிளைப்பெட்டியும் வைக்காமல் கணினியின் பின்புறத் துளையிலேயே நேராகச் செருகினோம். ‘இணைப்பில் உள்ளது’ என்னும் பொருள்பட ஐபாடின் திரையில் எழுத்துத் தோன்றிற்று.

மூன்றாவது இடையூறு, ஐபாட் இணைந்தேன் என்கின்றது. கணினி காணேன் என்கின்றது! இதன் காரணம் வேடிக்கையானது. விண்டோஸ் கணினி தன்னோடு சேரும் ஒவ்வொரு தட்டுக்கும் ஓர் ஆங்கில எழுத்தை வழங்கும், வீடுகளுக்குக் கதவிலக்கம் இடுவதுபோல. மகன் தன் அலுவலகத்துக் கோப்புக் கிடங்கை வலைவழியே இணைத்து அதற்கு ‘ஈ’ என்னும் எழுத்தை முன்பே கொடுத்திருந்தான். புதிதாக வந்த ஐபாடுக்கும் அதே எழுத்து வாய்த்துவிட்டது. ஒரே கதவிலக்கத்தில் இருவர் குடியிருந்தால் தபால்காரர் என் செய்வார்? தட்டுகளை நிர்வகிக்கும் பகுதியைத் திறந்து, ஐபாடின் எழுத்தை யாரும் கொள்ளாத ‘எம்’ என்று மாற்றினோம். மறுகணமே ஐட்யூன்ஸ் தானாகத் திறந்து கருவியை வரவேற்றது.

இங்கேதான் நாம் படுகுழியின் விளிம்பில் நின்றோம். ஐட்யூன்ஸ் ஒரு வினாவை எழுப்பிற்று. ‘இக்கருவி வேறொரு நூலகத்தோடு இணைக்கப்பட்டது. இதிலுள்ளவற்றை அழித்துவிட்டு இந்நூலகத்தோடு ஒத்திசைக்கலாமா?’ என்பது அதன் சாரம். இரவு பதினொரு மணி. மகன் களைத்திருந்தான். மூன்று தடைகளைக் கடந்தவனுக்கு நான்காவதும் ஒரு தடையாகவே தோன்றிற்று. “ஒரு நிமிஷ வேலை, அப்பா” என்று சொல்லிக்கொண்டே மவுஸை நகர்த்தினான். நாமும் தலையசைத்தோம் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கின்றோம்.

அடுக்களை வாயிலில் நின்ற வீட்டம்மையார், “கையை எடு! அது என்ன கேட்கிறது என்று முழுவதும் படித்துச் சொல்” என்றார்.

மகன் உரக்கப் படித்தான். ‘அழித்துவிட்டு’ என்ற சொல்லில் வந்து நின்றான். பிறகு சற்று நேரம் அறையில் பேச்சில்லை.

ஒத்திசைவு என்னும் சொல் நம்மை ஏமாற்றுகின்றது. இருவர் தம்முள் உள்ளதைப் பகிர்ந்து சமமாவது போன்ற தோற்றம் அதற்கு உண்டு. இங்கே நடப்பது அதுவன்று. கணினி முகம், கருவி கண்ணாடி. முகத்தில் உள்ளதே கண்ணாடியில் தெரியும். நம் புதிய கணினியின் இசைநூலகமோ வெறுமையானது. ‘ஆம்’ என்று ஒரு முறை அழுத்தியிருந்தால், கருவியும் தன் கடமையைச் செவ்வனே செய்து அவ்வெறுமையைப் பிரதிபலித்திருக்கும். குற்றம் கருவியினுடையதும் அன்று, மென்பொருளினுடையதும் அன்று. அது அழிப்பதாகச் சொல்லித்தான் கேட்டது. படியாமல் விடை சொல்ல இருந்தவர்கள் நாமே. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று அன்னையார் அடிக்கடி கூறுவார். அவர் குரலையே அன்று அதற்குப் பலி கொடுத்திருப்போம்.

வினாவை மறுத்து, ஐட்யூன்ஸை மூடிவிட்டு, வேறு வழியை நாடினோம். ஐபாடின் தலைப்பிலுள்ள பூட்டுக் குமிழை ஒருமுறை தள்ளி மீட்டு, ‘மெனு’ விசையையும் நடு விசையையும் ஒருங்கே அழுத்திக்கொண்டிருந்தால், சில நொடிகளில் ஆப்பிள் சின்னம் தோன்றும். தோன்றிய உடனே விரலை மாற்றி, நடு விசையையும் இசைத்தல் விசையையும் ஒருங்கே அழுத்தினால், கருவி பாடுவதை விட்டு வெறும் தட்டாக நடந்துகொள்ளும். அந்நிலையில் அதனை இணைத்தோம். மீண்டும் அதே வினா எழுந்தது, மீண்டும் மறுத்தோம். பிறகு கணினியில் மறைவான கோப்புகளைக் காட்டுமாறு பணித்து, ‘எம்’ தட்டைத் திறந்தோம். ஐபாட் கன்ட்ரோல் என்னும் மறைவான உறை; அதற்குள் இசை உறை; அதற்குள் எண்ணிட்ட சிற்றுறைகள். ஒவ்வொன்றிலும் பாடல்கள் சிதறிக் கிடந்தன. பெயர்கள் யாவும் பொருளற்ற நான்கு எழுத்துகள். இத்தனையில் ஆச்சியை எங்கே தேடுவது என்று திகைத்தோம்.

தேட வேண்டியிருக்கவில்லை. வெளிப்பெயர் மாறினாலும், கோப்பின் உள்ளே எழுதிய பாடற் பெயரும் பாடியவர் பெயரும் மாறுவதில்லை. இசை உறை முழுவதையும் அப்படியே கணினிக்குப் படியெடுத்தோம். அப்படியை ஐட்யூன்ஸில் சேர்த்தவுடன் ஒவ்வொன்றும் தன் பெயரைத் தானே கூறிக்கொண்டது. பாடியவர் வரிசையில் ‘ஆச்சி’. எண்ணினோம், பதினான்கு. கல்லூரி நாளில் ஒவ்வொரு பாட்டுக்கும் பொறுமையாகப் பெயரிட்ட மகனை அன்று மனமார வாழ்த்தினோம்.

உறங்குமுன் இன்னொரு வேலையையும் முடித்தோம். பதினான்கு பாடல்களையும் ஒரு தனி வன்தட்டில் படியெடுத்து அலமாரியில் வைத்தோம்; மற்றொரு படியைப் பெங்களூருக்கு அனுப்பினோம். ஆக, வீட்டுக்குள் இரண்டு, வெளியூரில் ஒன்று. ஐபாடை ஐபாடாகவே விட்டுவிட்டோம். அதன் இனம் இன்று விற்பனையில் இல்லை. கடைசியாக எஞ்சிய ஐபாட் டச் கருவியையும் 2022 மே மாதத்தில் நிறுத்துவதாக அறிவித்துவிட்டனர். கருவிகள் வரும், போகும். ஒரு கருவி முதுமை எய்துமுன் அதிலுள்ளதை அடுத்ததற்கு மாற்றிவிடுவதே குடும்பத்தாரின் வேலை.

மறுநாட் காலை மகள் அழைத்தாள். முதற் பாடலை ஓடவிட்டதும் குழந்தை உறங்கவில்லையாம். கண்ணை அகல விழித்துக் கேட்டதாம். உறங்காமல் அழுதவள் தான்தான் என்றாள். பாட்டின் முடிவில் நாம் மறந்தே போயிருந்த ஒரு பேச்சும் பதிவாகியிருந்ததை அவள் சொல்லித்தான் அறிந்தோம். பாடி முடித்த அன்னையார், பதிவு ஓடிக்கொண்டிருப்பது அறிந்தோ அறியாமலோ, நம் வீட்டம்மையாரிடம் தணிந்த குரலில் கூறுகின்றார்: “போதும்ளா, பிள்ள உறங்கிட்டா. நீயும் செத்த நேரம் படு.”

பாட்டினும் அச்சொல்லையே நாம் இப்போது அதிகம் கேட்கின்றோம். அன்பர்கள் வீட்டுப் பரண்களிலும் மேசை அறைகளிலும் இத்தகைய காசெட்டுகளும் உறங்கிப்போன கருவிகளும் இருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். கேபிளை மாற்றிப் பாருங்கள். கணினி எதைக் கேட்டாலும் முழுவதும் படித்த பிறகே விடை கூறுங்கள். வீட்டிலுள்ள பெரியவர்களையும் பக்கத்தில் அமர்த்திக்கொள்ளுங்கள். நம் வீட்டில் அன்றிரவு குரலைக் காத்தது கணினி கற்றவர்களின் அறிவன்று, அடுக்களை வாயிலில் நின்றவரின் ஒரு சொல்லே.