லாத்கில் பள்ளத்தாக்கில்

ஜூன் 12

இங்கிலாந்தின் டெர்பிஷயர் பிரதேசத்தில், சுண்ணாம்புக்கல் மேட்டுநிலத்தை அறுத்துச் செல்லும் ஐந்து பள்ளத்தாக்குகள் சேர்ந்து ஒரே தேசிய இயற்கைக் காப்பகமாக விளங்குகின்றன; அவற்றுள் 1972 முதல் சம்ரக்ஷணையில் இருந்துவரும் லாத்கில்லின் வெயில் விழும் சரிவிலே இன்றைய காலைப்பொழுது கழிந்தது. முழங்காலிட்டுக் குனிந்தாலன்றி இப்புல்வெளியின் ஐசுவரியம் கண்ணுக்குப் புலப்படாது. உள்ளங்கையால் மூடிவிடக்கூடிய இடத்திற்குள்ளே, கசங்கிய பட்டுப்போன்ற மஞ்சள் இதழ்களோடு ராக்ரோஸ் மலர்ந்திருக்க, அதை ஒட்டிப் படர்ந்த தைம் விரல் பட்ட மாத்திரத்தில் மணக்க, இரண்டிற்கும் நடுவே, சிறு காற்றுக்கும் கதிர் நடுங்கும் ஒருவகைப் புல் ஆடிக்கொண்டிருந்தது. பிரௌன் ஆர்கஸ் என்னும் சிறு பட்டாம்பூச்சி ராக்ரோஸ் இலையின் அடியிலே ஒற்றை வெண்முட்டையை வைத்துவிட்டுப் பறந்தது. இந்தச் சரிவுகளில் அதன் புழுவுக்கு ஆகாரம் அவ்விலைதான்.

இத்தனை செழிப்புக்கும் காரணம் மண்ணின் ஏழ்மை. கல்லின்மேல் மெல்லியதாகப் படிந்த மண்ணில் சாரம் குறைவாதலால், ஓங்கி வளர்ந்து மற்றவற்றை அமுக்கிவிடும் முரட்டுப் புல் இங்கே தலையெடுக்க முடிவதில்லை. மேலே உரமிட்ட வயல்களிலோ கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே பச்சை, பூ ஒன்றுகூட இல்லை. மனிதன் விலகி நின்றாலே இயற்கை பிழைத்துவிடும் என்பாருடன் நான் உடன்படுவதற்கில்லை. ஆடுமாடுகளை மேயவிடாமல் நிறுத்திவிட்டால், முட்புதர் ஏறி, பின்னர் மரம் மூடி, இந்தச் சிறு பூக்களெல்லாம் நிழலிலே மடிந்துபோகும்.

ஜூன் 13

கீழே, காடு சூழ்ந்த ஆற்றங்கரை. 1676-இல் சார்ல்ஸ் காட்டன் தூண்டில் போடுவது பற்றிய தம் புத்தகத்தில் வியந்து புகழ்ந்த நிர்மலமான ஆறு இதுவே. ஆயினும், பின்வந்த நூற்றாண்டுகளில் ஈயச் சுரங்கங்களின் நீரை வடிப்பதற்காக மலைக்குள்ளே தோண்டிய கால்வாய்கள் நிலத்தடி நீரை இன்றளவும் இழுத்துக்கொண்டிருப்பதால், கோடையில் மேல்பகுதிப் படுகை வறண்டுவிடுகிறது. பாசி உலர்ந்த கற்களின்மேல் நடந்தே போனேன். மனம் பொறுக்கவில்லை.

காட்டுக்கும் இது கஷ்டகாலம். பிரிட்டனில் 2012-இல் கண்டறியப்பட்ட பூஞ்சை நோயால், இச்சரிவுகளில் பெரும்பான்மையாக நின்ற ஆஷ் மரங்கள் நுனியிலிருந்து பட்டுவருகின்றன. அவை போன இடங்களில் லைம், விச் எல்ம் கன்றுகளை நட்டு வளர்க்கிறார்கள். பிழைத்து நிற்கும் ஆஷ் மரங்களின் விதை விழுந்து முளைக்கவும் இடமுண்டு. மரங்களுக்குச் செய்யும் இந்தப் பரிகாரத்தைப்போல, பழைய சுரங்கக் கால்வாய்களை அடைத்து ஆற்றுக்கும் அதன் நீரைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதே என் திடமான அபிப்பிராயம்.