சிறிய சொல்லும் தெரிய வேண்டும்

பாச்சாங் வட்டார மூத்தோரிடம் கேட்ட தோட்ட நினைவுகளை ஒரு வலைச்செயலியில் தொகுத்தேன். அதன் முகப்பில் குறிச்சொல் மேகம் அமைத்தேன். பல பதிவுகளில் வரும் சொல் பெரிதாகவும் அரிய சொல் சிறிதாகவும் தெரியும். 2004இல் தொடங்கிய பிளிக்கர் தளம் பரவலாக்கிய முறை இது.

எழுத்தளவைக் கணக்கிடச் சிறு துணைநிரல் ஒன்று எழுதினேன். மிகச் சிறிய எழுத்து 12 புள்ளி. மிகப் பெரியது 36. ‘தோட்டம்’ 100 பதிவுகளிலும், விடியற்காலை ஆள் கணக்கெடுப்பைக் குறிக்கும் ‘பெரட்டு’ 10 பதிவுகளிலும், ‘ஒட்டுப்பால்’ ஒன்றிலும் வந்தன. நேர்விகிதத்தில் பெரட்டுக்கு 14 புள்ளிதான் கிடைக்கும். எண்ணிக்கை பத்து மடங்காகும்போதெல்லாம் ஒரே அளவு கூட்டும் மடக்கை முறையில் 24 கிடைக்கிறது.

பெரட்டுக்குப் போனவர்கள் குறைந்து வருகிறார்கள். அவர்களின் கதையை இளையோர் படிக்க வேண்டுமானால், அச்சொல் முதலில் கண்ணில் பட வேண்டும்.