கொட்டு ரகம்

பட்டணத்திலிருந்து எங்கள் ஊருக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் பள்ளிக்கூட லீவில், சித்திரை வைகாசியில்தான் வருவார்கள். "என்னங்க, ஒரே கருப்பா காஞ்சு கிடக்கு, பச்சையே காணோமே" என்பார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. கரிசல்காட்டைப் பார்க்கக் கண்ணுக்குக் கொஞ்சம் பழக்கம் வேணும். மழை பெய்த மறுநாள் மண் எருமைத்தோல் மாதிரி மினுங்கும். நாலு வெயில் பட்டதும் சாம்பல் ஏறிவிடும். கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு விழுந்து, வெடிப்போட ஓரத்தில் ஒரு பழுப்பும், உள்ளே நீலம் கலந்த மாதிரி ஒரு கருப்பும் தெரியும். நான் துணிக்கு ஏற்றுகிற கருப்பு சரியா வந்திருக்கா இல்லையான்னு இந்த மண்ணை வச்சுத்தான் பார்க்கிறேன்.

கோவில்பட்டிப் பக்கம் எங்களுக்கு மானாவாரிதான். பருத்தி, உளுந்து, கம்பு, கொஞ்சம் மிளகாய். காட்டில் வேலை இல்லாத மாதங்களில் பழைய சேலை, வேட்டிகளை அடுக்கி, நடுவில் பஞ்சு வைத்து விரிப்பு தைக்கிறோம். நான், என் அத்தை (வீட்டுக்காரரோட அம்மா), பக்கத்து வீட்டு மதினி, மூணு பேர். ஆறு வருஷமா நடக்குது. சென்னையில் ஒரு கண்காட்சிக்குப் போனபோது என் பேருக்குக் கீழே 'டெக்ஸ்டைல் ஆர்ட்டிஸ்ட்' என்று அட்டை அடித்துக் கொடுத்தார்கள். அத்தை அதை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "சம்பளம் எம்புட்டுன்னு போடலையே தாயி" என்றார்.

இந்த வேலை எங்களுக்கு அழகுணர்ச்சியில் ஆரம்பிக்கவில்லை. கொட்டுப் பருத்தியில்தான் ஆரம்பித்தது. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் பருத்தி ஏலம் பார்த்தவர்களுக்கு 'கொட்டு ரகம்' தெரிந்திருக்கும். காய் வெடித்து நிற்கிற நேரத்தில் மழை பிடித்தால் பஞ்சு நனைந்து கறுத்துப்போகும். சிவப்புப் பூச்சி காயில் வாயை வைத்தால் பஞ்சில் மஞ்சள் கறை விழும். அரைகுறையாக வெடித்தது, சருகு ஒட்டினது, கெட்டியாகிப்போனது எல்லாம் சேர்ந்து கொட்டு. நல்ல பஞ்சுக்கு வருகிற விலையில் பாதி கிடைத்தாலே பெரிசு. சில நாள் வண்டி வாடகைக்கே பத்தாது. மூட்டையைத் திருப்பிக் கொண்டுவந்து திண்ணையில் போட்டுவிட்டு, இதை என்ன செய்யன்னு பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த வருஷத்தில்தான் அத்தை, "மெத்தையில வச்சுத் தைச்சா உள்ள இருக்கிற கறை எவன் கண்ணுக்குத் தெரியப் போகுது" என்றார்.

இன்னொரு காரணமும் உண்டு. நாங்கள் ஒரு ஏக்கரில் கருங்கண்ணி போடுகிறோம். இந்த மண்ணுக்கே உரிய பழைய நாட்டுப் பருத்தி. உரம், மருந்து அதிகம் கேட்காது, மழை ஏமாற்றினாலும் கொஞ்சம் தாங்கும். ஆனால் இழை கட்டை. ஒரு அங்குலத்துக்கும் உள்ளே நின்றுவிடும். மில்லுக்கு நீள இழை வேணும். 1974-ல் கோயம்புத்தூரிலிருந்து வந்த சுவின் மாதிரியான ரகங்களுக்குப் பட்டுக்குப் பக்கத்தில் நிற்கிற மென்மை, நூலை எவ்வளவு மெல்லிசாக வேண்டுமானாலும் இழுக்கலாம். அதுக்கு முன்னால் எங்க கருங்கண்ணி, கல்யாண வீட்டுக்குக் காட்டுச் சேற்றோடு வந்து நிற்கிற மாமா மாதிரி. கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையம் 1901-லிருந்து இருக்கிறது, இந்தப் பருத்தியைத் திருத்தி ரகங்களும் விட்டிருக்கிறார்கள். இருந்தும் சுற்றுவட்டாரத்தில் பாதிக் காடு மக்காச்சோளத்துக்குப் போய்விட்டது. அதிலும் 2018-க்கு அப்புறம் படைப்புழு. அது தனிக் கதை, இன்னொரு நாள் எழுதுகிறேன்.

பஞ்சை உள்ளே வைத்துத் தைக்க இழை நீளம் தேவையில்லை. சொல்லப்போனால் கட்டை இழைப் பஞ்சுக்குத்தான் துள்ளல் இருக்கிறது, சீக்கிரம் அமுங்கிப்போகாது. கொட்டை எடுத்த பஞ்சை டவுனில் மெத்தைக் கடையில் கொடுத்து அடித்து வாங்கிவந்துவிடுவோம். வெளுக்கிறதில்லை. மெல்லிசான வேட்டித் துணிக்குக் கீழே வைத்து வெளிச்சத்தில் பிடித்தால், அத்தை சொன்னதுக்கு மாறாக, கறை லேசாகத் தெரியும். மேகம் போகிற நேரத்தில் காட்டில் விழுகிற நிழல் மாதிரி இருக்கும். எனக்கு அது பிடித்திருந்தது. நான் ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை.

மேல்துணி ஊருக்குள்ளேயே கிடைக்கும். பொங்கலுக்கு அரசாங்கம் இலவச வேட்டி சேலை கொடுக்கிற திட்டம் எம்.ஜி.ஆர். காலத்தில், 1983-ல் ஆரம்பித்தது. அதனால் எந்த வீட்டுப் பரணில் கைவிட்டாலும் பத்துப் பதினைந்து சேலை வரும். அதில் ஒரு விசேஷம். புதுசாக இருக்கும்போது ஊரே ஒரே மாதிரி உடுத்தின சேலை, பத்து வருஷம் கழித்து ஒன்றுபோல் ஒன்று இருக்காது. பருத்தி எடுக்கிறவள் மடி கட்டின இடம் வெளுத்திருக்கும். தீப்பெட்டி ஆபீசுக்குப் போனவளோட சேலையில் ஒரு பக்கம் மட்டும் உட்கார்ந்து உட்கார்ந்து நைந்திருக்கும். தண்ணிக்குடம் சுமந்த இடுப்புப் பக்கம் நிறம் கரைந்து வேறு நிறமாகியிருக்கும். சும்மாடாகச் சுருட்டிச் சுருட்டி வைத்த துணியில் வட்டமாக மடிப்பு விழுந்து, அதை இஸ்திரி போட்டாலும் போக்க முடியாது. இந்த நிறங்களைக் கடையில் போய்க் கேட்டால் என்ன பேர் சொல்லிக் கேட்கிறது? பாலியஸ்டர் கலந்த சேலை மட்டும் எனக்கு ஒத்துவராது, கடுக்காயும் இரும்பும் அதில் ஏறாது.

கருப்பு எப்படிச் செய்கிறோம் என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். ரகசியமெல்லாம் இல்லை. தேய்ந்த கலப்பைக் கொழு, உடைந்த பன்னருவாள், ஆணி, இதையெல்லாம் மண்பானையில் போட்டு, தண்ணீரில் கருப்பட்டியைக் கரைத்து ஊற்றி மூடி வைக்கணும். பதினைந்து இருபது நாளில் நுரைத்து, புளித்து, வீட்டுக்கு வந்த விருந்தாளி சீக்கிரம் கிளம்புகிற அளவுக்கு வாடை வரும். அப்போ தயார். துணியைக் கடுக்காய்த் தண்ணியில் நனைத்துக் காயவைத்தால் வெளிர் மஞ்சள். அதன்மேல் இந்த இரும்புத் தண்ணி பட்டவுடனே, கண் முன்னாலேயே கருப்பு எழும்பும். ஆறு வருஷமாகப் பார்க்கிறேன், இன்னும் அந்த நிமிஷம் அடுப்பில் பால் பொங்கினாலும் எழுந்து போக மனசு வராது. இரும்பு கூடினால் துணி நாள்பட அரித்துப்போகும். பழைய கலம்காரித் துணிகளில் பல நேரம் கருப்பு இருந்த இடம்தான் முதலில் ஓட்டையாகும். கடுக்காய் பழசா புதுசா, கிணற்றுத் தண்ணியில் உப்பு எவ்வளவு, வெயில் எப்படி, எல்லாத்துக்கும் தகுந்த மாதிரி நிறம் மாறும். ஒரு பானைக் கருப்பு இன்னொரு பானையில் வராது.

இதுதான் வம்பாகிப் போச்சு. ஒரு பெரிய நகரத்துக் கடைக்காரர் பன்னிரண்டு விரிப்பு கேட்டார். அனுப்பினோம். ஏழு திரும்பி வந்தது, நிறம் ஒத்துப்போகவில்லையாம். அந்த வருஷம் அந்தப் பணத்தை நம்பித்தான் உழவுக்குச் சொல்லியிருந்தோம். அது போகட்டும். மூணு மாசம் கழித்து அவரே போன் பண்ணினார். அங்கே வைத்திருந்த அஞ்சும் போய்விட்டதாம். வாங்கினவர்கள் எல்லாரும் அந்தக் கோணல் தையலைத்தான் தடவிப் பார்த்தார்களாம். "அடுத்த தடவை எல்லாத்துலயும் தையல் அப்படியே கோணலா இருக்கட்டும் மேடம், அதுதான் நம்ம ஸ்டைல்" என்றார்.

அந்தக் கோணல் தையல் அத்தையுடையது. அத்தையிடம் சொன்னேன். ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "நான் நேராத்தான தைக்கேன்" என்றார்.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்று ஓர் ஊர். பருத்தித் தோட்டத்தில் அடிமையாக இருந்தவர்களின் வாரிசுகள், கறுப்பினப் பெண்கள், கிழிந்த வேலை உடுப்புகளைச் சேர்த்துப் போர்வை தைத்தார்கள். மிசௌரி பெட்வே என்ற அம்மா 1942-ல், செத்துப்போன தன் கணவரின் வேலைத் துணிகளை வைத்தே ஒன்று தைத்தார். 2002-ல் அந்த ஊர்ப் போர்வைகளை மியூசியங்களில் தொங்கவிட்டார்கள், 2006-ல் தபால்தலையாகவும் வந்தது. படங்களைப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். அதில் ஒரு கோடு வளைந்திருந்தால், இருந்த துணி அவ்வளவுதான் இருந்திருக்கிறது. 'வளைந்திருந்தால் நல்லா இருக்குமே' என்று யாரும் உட்கார்ந்து வளைக்கவில்லை. வேணும்னே குறை வைக்கிறது, பந்தியில் பசிக்கிற மாதிரி நடிக்கிறதுக்குச் சமம் என்று நினைக்கிறேன். கடைக்காரருக்கு அப்படி முடியாதுன்னு சொல்லிட்டேன். அவர் வேற இடம் பார்த்துக்கொண்டார்.

ஆனால் அத்தை அன்றைக்கு ராத்திரி தூங்கவில்லை. தையல் கோணலாகப் போகிறது என்று யாரும் அதுவரை அவரிடம் சொன்னதில்லை. மறுநாளே கண்ணைக் காட்டப் போனோம். ரெண்டு கண்ணிலும் புரை முற்றிக் கிடந்தது. ஒரு மாச இடைவெளியில் ரெண்டுக்கும் ஆபரேஷன் நடந்தது. மதினி மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கண்ணு தெளிஞ்சா தையலும் நேராயிருமே, அப்புறம் யாரு வாங்குவா?" என்று கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை. அவள் பிள்ளை படிப்புக் கட்டணத்தில் பாதி இந்த விரிப்பில்தான் வருகிறது. நான் சும்மா இருந்தேன்.

கட்டு அவிழ்த்து, கருப்புக் கண்ணாடியோட அத்தை வீட்டுக்கு வந்து ஒரு வாரம் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. வானத்தைப் பார்த்தார். கோழிகளைப் பார்த்தார். கண்ணாடி முன்னால் நின்று, "இம்புட்டுச் சுருக்கமா?" என்றார். புரை விழுந்த கண்ணுக்கு எல்லாம் மஞ்சள் படிந்துதான் தெரியுமாம், நீலம்தான் ரொம்ப மங்கிப்போகுமாம். அவர் கறுப்பு என்று நினைத்து மூணு வருஷமாகத் தைத்தது முழுக்க அவுரி நீல நூல். அது தெரிந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். "மூதிகளா, ஒருத்தியாவது சொல்லக் கூடாதா?"

நான் எங்களுக்கென்று விற்காமல் வைத்திருந்த ஒரு விரிப்பு இருந்தது. கருப்புத் துணியில் நீலத் தையல், வரப்பு மாதிரி வளைந்து வளைந்து போகும். போன செவ்வாய்க்கிழமை காட்டிலிருந்து திரும்பி வந்து பார்த்தால் அது திண்ணையில் விரிந்து கிடக்கிறது. அத்தை பிளேடை வைத்துக்கொண்டு ஒவ்வொரு தையலாக அறுத்துக்கொண்டிருக்கிறார். கால்வாசி போய்விட்டது.

"அத்தை, இத விட்ருங்க. இது எனக்கு."

"உனக்குன்னா நல்லாத் தைக்க வேணாமா?"

அரை மணி நேரம் பேரம் பேசினோம். கடைசியில் அறுத்த கால்வாசியை மட்டும் திரும்பத் தைப்பது என்று ஒத்துக்கொண்டார், அரைமனசாக. அதைத்தான் இப்போது தைக்கிறார். எறும்பு வரிசை மாதிரி நேராகப் போகிறது, நூலும் சுத்தக் கறுப்பு. சாயங்கால வெளிச்சத்தில் அந்தக் கால்வாசியில் தையலே கண்ணுக்குத் தெரியவில்லை. நாளைக்கு கொஞ்சம் நீல நூல் கொடுத்துப் பார்க்கணும், வாங்குவாரோ என்னவோ.