ஒரு கிலோமீட்டருக்கு 59 ரூபாய் 15 காசு

சட்டமன்றத் தேர்தல்ல நிக்கணும்னா குறைஞ்சது 25 வயசு ஆகியிருக்கணும். டிகிரி எதுவும் கேக்க மாட்டாங்க. எனக்கு இப்போ 21. பயப்படாதீங்க மக்களே, ஓட்டு கேட்டு வரல. பிளேஸ்மென்ட் சீசன்ல ஆப்டிட்யூட், குரூப் டிஸ்கஷன்னு ஓடிக்கிட்டு இருந்தப்போ ஒரு கேள்வி வந்துச்சு. இன்ஜினியரிங் படிச்சவங்க ஐ.டி.க்குப் போறாங்க, பேங்க் எக்ஸாம் எழுதுறாங்க, யூ.பி.எஸ்.சி.க்குத் தயாராகுறாங்க. சட்டமன்றத்துக்குப் போனா என்ன செய்வாங்க? அதுக்காக ஒருத்தரோட கரியரைத் தேடிப் படிச்சேன்.

பழனிவேல் தியாகராஜன். நமக்கெல்லாம் பி.டி.ஆர். திருச்சி ஆர்.இ.சி.யில், அதாவது இன்னைக்கு என்.ஐ.டி.யா இருக்கிற காலேஜில், கெமிக்கல் இன்ஜினியரிங் முடிச்சார். அமெரிக்காவில் பஃபலோவில் ஆபரேஷன்ஸ் ரிசர்ச் மாஸ்டர்ஸ், அங்கேயே பிஎச்.டி., அப்புறம் எம்.ஐ.டி.யில் எம்.பி.ஏ. லேமன் பிரதர்ஸ், ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட்னு பெரிய வங்கிகளில் வேலை. 2016-ல் மதுரை மத்தி தொகுதியில் ஜெயிச்சு எம்.எல்.ஏ. ஆனார். 2021-ல் மறுபடியும் ஜெயிச்சு நிதியமைச்சர்.

இதை மட்டும் படிச்சா, நல்லா படிச்சா போதும்னு தோணும். ஆனா அவரோட தாத்தா பி.டி.ராஜன் 1936-ல் சென்னை மாகாணத்தோட முதல் மந்திரியா இருந்தவர். அப்பா பழனிவேல்ராஜன் 1996-லிருந்து 2001 வரைக்கும் சட்டமன்ற சபாநாயகர். இதை விட்டுட்டுச் சொன்னா கணக்கு தப்பாயிடும்.

ஆனா உள்ள போனதுக்கு அப்புறம் அந்தப் படிப்பு வேலை செஞ்சது தெரியுது. பதவிக்கு வந்து மூணு மாசத்துல, 2021 ஆகஸ்ட் 9 அன்னைக்கு, தமிழ்நாட்டு நிதி நிலைமை பத்தி வெள்ளை அறிக்கை வெளியிட்டார். ஒவ்வொரு குடும்பத்து தலைமேலயும் 2,63,976 ரூபாய் பொதுக்கடன் இருக்குன்னு அதுல வந்தது எல்லா சேனல்லயும் ஓடுச்சு. நான் நின்னுட்டது இன்னொரு நம்பர்ல. அரசு பஸ் ஒரு கிலோமீட்டர் ஓடினா 59 ரூபாய் 15 காசு நஷ்டம்.

நான் கொல்லிமலை, வளப்பூர் நாடு. தெரியாதவங்களுக்கு: எங்க மலையில் ஊராட்சிகளுக்கே 'நாடு'ன்னுதான் பேர். அறப்பளீஸ்வரர் கோயிலும் ஆகாய கங்கை அருவியும் எங்க நாட்டுலதான் இருக்கு. கீழே காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வரணும். பஸ் முக்கால்வாசி தூரம் செகண்ட் கியர்லதான் முனகிக்கிட்டே ஏறும். டீசல் எவ்வளவு குடிக்கும்னு மெக்கானிக்கல் பசங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அப்போ எங்க பஸ்ஸோட நஷ்டம் சராசரியை விட அதிகமாத்தான் இருக்கும்.

ஆனா அந்த பஸ்ஸுலதான் எங்க அம்மா மிளகு மூட்டையோட சோளக்காடு சந்தைக்குப் போவாங்க. இங்கிலீஷ் மீடியம் ஸ்கூல்னு என்னைக் கீழே ஹாஸ்டல்ல சேர்த்தப்போ பெட்டியோட இறங்கினதும் அதுலதான். ஒரு நாள் பஸ் வரலைன்னா வாடகை வண்டிதான். மிளகு வித்த காசுல பாதி அதுக்கே போயிடும். இந்த நஷ்டம் எந்த அறிக்கையிலயும் வராது. அது எங்க அம்மா சுருக்குப்பையிலதான் வரும்.

ஆபரேஷன்ஸ் ரிசர்ச் பேப்பர் நாமளும் எழுதியிருக்கோம். லீனியர் புரோகிராமிங்ல முதல்ல நோக்கத்தை எழுதணும்: நஷ்டத்தைக் குறை. கீழே நிபந்தனைகளை எழுதணும். நிபந்தனை எதுவும் எழுதாம அந்தக் கணக்கைப் போட்டா, வர்ற விடை சிம்பிள்: வளப்பூர் நாட்டு பஸ்ஸை முதல்ல நிறுத்து. "ஒவ்வொரு மலை ஊருக்கும் தினம் பஸ் போயே ஆகணும்"னு ஒரு வரி சேர்த்தா விடையே மாறிடும். கணக்குப் போட கம்ப்யூட்டர் போதும். அந்த ஒரு வரியை எழுதுறதுக்குத்தான் சட்டமன்றம்.

பி.டி.ஆர். வெறும் நஷ்டத்தை மட்டும் பார்த்தார்னு சொல்ல வரல. அதே 2021-ல்தான் சாதாரண டவுன் பஸ்ஸுல பெண்களுக்கு டிக்கெட் இல்லாத பயணம் வந்துச்சு. அதுக்காக அரசு வருஷத்துக்கு 1,200 கோடி ரூபாய் தரும்னு அறிவிச்சாங்க. நஷ்டம் இவ்வளவுன்னு சொன்ன அதே அரசு, அந்த நஷ்டத்தை ஒரு காரணத்துக்காக ஏத்துக்கிட்டுது. காசு எவ்வளவுன்னு தெரிஞ்சு ஏத்துக்கிறதுக்கும் தெரியாம ஏத்துக்கிறதுக்கும் வித்தியாசம் இருக்கு. இன்ஜினியரோட பங்கு அங்கதான் வருதுன்னு எனக்குத் தோணுது.

2023 மே மாசம் அவரை நிதித்துறையிலிருந்து தகவல் தொழில்நுட்பத் துறைக்கு மாத்தினாங்க. 2025 ஏப்ரல்ல, தன்னோட துறைக்கு ஒதுக்குற நிதி ரொம்பக் குறைவுன்னு சட்டமன்றத்துலயே சொன்னார். பஃபலோ பிஎச்.டி.யா இருந்தாலும் எந்தத் துறைன்னு முடிவு பண்றது அவர் கையில இல்ல.

எங்க பக்கம் வேற மாதிரி. தமிழ்நாட்டுல 234 தொகுதி. அதுல பழங்குடியினருக்கான தனித் தொகுதி ஏற்காடு, சேந்தமங்கலம்னு ரெண்டே ரெண்டு. கொல்லிமலை சேந்தமங்கலத்துல வருது. கொல்லிமலைக்கு அந்த வரியை எழுதச் சொல்லிக் கேக்குற பொறுப்பு முதல்ல அந்த ஒரு சீட்டுக்குத்தான். அங்க உக்கார்றவங்க இன்ஜினியரா இருக்கணும்னு அவசியம் இல்ல. ஆனா "அந்த ரூட் நஷ்டம்"னு அதிகாரிங்க ஃபைலை நீட்டும்போது, "எவ்வளவு நஷ்டம், எந்தக் கணக்குல?"ன்னு திருப்பிக் கேக்கத் தெரியணும். அதை நம்ம மாதிரி பசங்க பக்கத்துல இருந்து சொல்லிக் கொடுக்கலாமே.

எனக்கு ஜூலையில சென்னையில ஜாயினிங். எம்.எல்.ஏ. ஆவேனான்னு வீட்டுல யாரும் கேக்கல, பஸ் நேரத்துக்கு வருமான்னுதான் கேக்குறாங்க. ஒவ்வொரு வருஷமும் மானியக் கோரிக்கை வரும்போது போக்குவரத்துத் துறை ஒரு கொள்கை விளக்கக் குறிப்பு வெளியிடும். தமிழ்லயும் இருக்கும், இலவசம்தான். இந்தத் தடவை அதைப் படிங்க. உங்க ஊர் பஸ்ஸுக்கு அதுல ஒரு வரி இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா யார்கிட்ட கேக்கணும்னு இப்போ உங்களுக்குத் தெரியும்.